வேத இறாக்கையின் பாடுகள்

புத்தகக்கடையில் நிற்பவனுக்கு வாசிக்க நிறைய நேரம் கிடைக்கும் என்று நினைப்பவர்கள், மருந்துக்கடையில் நிற்பவனுக்கு நோய்வருத்தமே வராது என்றும் நினைக்கக் கூடியவர்கள். உண்மையில் நாங்கள் வாசிப்பது மட்டையை மட்டும்தான். அதிலும் விலை ஒட்டியிருக்கிற பின்மட்டையை.

புடைவைக்கடை, பலசரக்குக்கடை, இரும்புக்கடை என்று எங்கெங்கோ காலை முதல் மாலை வரை நின்றே தேய்கிறவர்களே, உங்களுக்குச் சொன்னால் விளங்கும். மருதனார்மடம் சந்தியில், சந்தைக்குக் கூப்பிடுதூரத்தில் உள்ள ஒரு புத்தகக்கடையில் பதினொரு வருடமாக நிற்கிறேன். கொப்பி, பேனை, பாடப்புத்தகம், கடந்தகால வினாத்தாள் என்று கடை ஓடுவது இவற்றால்தான். சமயப் புத்தகங்களுக்கு ஒரு பக்கச் சுவர். அதில் முக்கால்வாசி தேவாரம், புராணம், விரத விதிகள், பஞ்சாங்கம். மிச்சம், நாலு தட்டு உள்ள ஒரேயொரு இறாக்கை. அது வேதப் புத்தகங்களுக்கு. எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்பார்கள். கடையில் ஒரே வேதக்காரன் தேவா என்கிற நான். ஆகவே அந்த இறாக்கை என் பொறுப்பு.

தலையில் கட்டிவிட்டார்கள் என்று சொன்னால் பொய். நானாகக் கேட்டு வாங்கியது. எனக்குப் பிரசங்கம் வராது. நாலு பேர் முன்னால் ஜெபிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆராதனையில் பாடினால் முன் வாங்கில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். ஆனால் தேவாலயத்து வாசற்படியை மிதிக்கத் துணியாத ஒருவர், கொப்பி வாங்க வந்த இடத்தில், ஒருவரும் பாராமல் ஒரு புத்தகத்தை விரித்து ஒரு பக்கம் படிக்கலாம். மனம் நொந்திருக்கிற நேரம் அந்த ஒரு பக்கம் அவருக்கு உதவலாம். கர்த்தருக்காக என்னால் செய்யக்கூடிய காரியம் இந்த இறாக்கை ஒன்றுதான் என்று நான் மனதார நம்பினேன். அந்த நம்பிக்கை பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

வெள்ளிக்கிழமைப் பொட்டு

பில் போடுகிற சுகந்தி வெள்ளிக்கிழமைகளில் தலைமுழுகிவிட்டு வந்து, முதல் வேலையாகச் சாமிப் படத்துக்கு விளக்கு வைப்பாள். பிறகு சின்னக் கிண்ணத்தில் சந்தனம் குழைத்து, கல்லாப்பெட்டி, கதவுநிலை, ஒவ்வொரு இறாக்கையின் மேல்விளிம்பு என்று பொட்டு வைத்துக்கொண்டே வருவாள். ஒரு வெள்ளிக்கிழமை நான் வரப் பிந்திவிட்டது. என் இறாக்கையின் மேல்தட்டில் விளிம்பே தெரியாமல் வேதாகமங்களை முகம் காட்டி அடுக்கியிருந்தேன். சுகந்தி யோசித்திருக்கிறாள். யோசித்துவிட்டு, முன்வரிசையில் நின்ற ஆறு வேதாகமத்தின் நெற்றியிலும் ஆளுக்கொரு பொட்டு வைத்துவிட்டாள்.

அன்றைக்கென்று பார்த்து, மகனின் ஞானஸ்நானத்துக்கு வேதாகமம் வாங்க ஒரு அம்மா வந்தார். பொட்டும் நகையும் போடாத சபையைச் சேர்ந்தவர். எடுத்த கையில் சந்தனம் பட்டதும் "இயேசுவே" என்று கத்தினார். நான் அப்போதுதான் சைக்கிளை நிறுத்தியிருந்தேன். ஓடிப்போய்க் கைலேஞ்சியை எடுத்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க மஞ்சள் பரவியதே தவிரப் போகவில்லை. அந்த அம்மா உதட்டுக்குள் ஜெபித்தபடி இறங்கிப் போய்விட்டார். சுகந்தியின் முகம் சுருங்கிப்போயிற்று. உனக்கேன் இந்த வேலை என்று நான் கடுப்பாகக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எல்லாச் சாமிக்கும் வைச்சுப்போட்டு உங்கடை சாமியை மட்டும் விட்டால், உங்களுக்கு மனவருத்தமாய் இருக்குமெண்டுதானே அண்ணை வைச்சனான்."

கறுப்பு மட்டை

ஒரு சட்டத்தரணியின் கிளாக்கர் வந்து வேதாகமம் கேட்டார். வேதாகமம் கேட்டு வருகிற ஒருவரைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் மனம் துள்ளும். பெரிய எழுத்தில் ஒன்று, சிறிய எழுத்தில் ஒன்று, இலகு தமிழில் ஒன்று என்று மூன்றையும் மேசையில் விரித்து, எது எதற்கு நல்லது என்று விளக்கத் தொடங்கினேன். மனிதர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மூன்றையும் மூடி, மட்டைகளை மட்டும் விரலால் தட்டிப் பார்த்தார். சாட்சிகள் சத்தியம் செய்யும்போது கை வைப்பதற்காம். பழையது பிய்ந்துவிட்டதாம்.

இலகு தமிழ் வேதாகமத்தின் மட்டை நீலம். அதை முதலில் ஒதுக்கினார். ஒருதரமாவது இதை விரித்துப் பார்ப்பீர்களா என்று கேட்க எனக்கு வாய் உன்னியது. அவரே முந்திக்கொண்டார்.

"உள்ளுக்கை என்ன எழுதியிருந்தாலும் பறவாயில்லை, மட்டை கறுப்பாய் இருந்தால்தான் சனம் பொய் சொல்லப் பயப்பிடும்."

ஒருவரும் வாசிக்காத இடம்

அப்போதெல்லாம் என் இறாக்கை வாசலுக்குப் பக்கத்தில்தான் நின்றது. உடுவில் பக்கத்தில் தோட்டம் செய்கிற ஒருவர் மகளுக்குப் பாடப்புத்தகம் வாங்க வருவார். பட்டியலில் உள்ளதை நாங்கள் எடுத்துக் கட்டும்வரை பிள்ளை அந்த இறாக்கைக்கு முன்னால் நிற்கும். ஒருநாள் அது ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கியது. தாயை இழந்தவர்களுக்கு ஒருவர் எழுதிய கடிதங்கள். அந்தப் பிள்ளையின் தாய் முந்திய வருடம் தவறிப்போனவர் என்று எனக்குத் தெரியும். நான் கட்டுகிற நூலை வேண்டுமென்றே சிக்கலாக்கி நேரம் கடத்தினேன். பிள்ளை ஒரு பக்கம் முடித்து அடுத்த பக்கம் திருப்பியது. என் வாழ்நாளில் நான் பார்த்த மிக நல்ல காட்சி அது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

தகப்பன் அன்றைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் நாள் தனியாக வந்தார். சத்தம் போடவில்லை, முதலாளியிடம் முறையிடவுமில்லை. என்னைத்தான் கூப்பிட்டு, தோளில் கைவைத்து, மிக மரியாதையாகக் கதைத்தார். தங்கள் சைவக் குடும்பம் பற்றி, கோயில் திருவிழா உபயம் பற்றி, தாயில்லாத பிள்ளையை வளர்க்கிற பயம் பற்றி. அந்தப் பயம் எனக்கு விளங்கியது. என் மகள் வேறொரு இறாக்கைக்கு முன்னால் அப்படி நின்றிருந்தால் நானும் போய்க் கதைத்திருப்பேன். அந்தப் பின்னேரமே இறாக்கையைத் தூக்கி, ஃபோட்டோகொப்பி மெசினுக்குப் பின்னால் மூலையில் வைத்தோம்.

"புத்தகம் விக்கிறதிலை எனக்கு ஒரு பிரச்சினையுமில்லைத் தம்பி, ஆரும் நிண்டு வாசிக்கிற இடத்திலை வைக்காதேங்கோ."

குப்புறக் கிடந்தவை

மூலைக்குப் போனபிறகு புது வியாதி ஒன்று தொடங்கியது. சில நாள் கத்தோலிக்கரின் செபமாலைப் புத்தகங்கள் எல்லாம் முகம் குப்புறக் கிடக்கும். நிமிர்த்தி வைப்பேன். சில நாள் சபைகளின் புத்தகங்கள் எல்லாம் மட்டையைச் சுவருக்குக் காட்டிக்கொண்டு நிற்கும். திருப்பி வைப்பேன். சைவப் பெடியள் யாரோ விளையாடுகிறார்கள் என்று மாதக் கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கோபமாகவும் நினைத்தேன். அதற்காகப் பிறகு மன்னிப்புக் கேட்டு ஜெபித்தேன்.

ஒருநாள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்தார்கள். ஒருவர் சின்னச் சபை ஒன்றின் பாஸ்டர். மற்றவர் ஓய்வுபெற்ற தபாலதிபர், ஒருநாள் பூசையும் தவறவிடாத கத்தோலிக்கர். பாஸ்டரின் கை செபமாலைப் புத்தகத்தைக் கவிழ்க்கப் போன நேரம், தபாலதிபரின் கை பாஸ்டரின் சபை வெளியிட்ட புத்தகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டிருந்தது. இருவரும் ஆளையாள் பார்த்தார்கள். பிறகு தொடங்கியது வாக்குவாதம். மாதா, விக்கிரகம், ஞானஸ்நானம், யார் உண்மையான திருச்சபை என்று. ஃபோட்டோகொப்பிக்கு நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாய்பிளந்து கேட்டுக்கொண்டு நின்றார்கள். இடையில் போன எனக்கு இரு பக்கத்தாலும் விழுந்தது. பாஸ்டரின் கணக்கில் நான் பெயர்க் கிறிஸ்தவன். தபாலதிபரின் கணக்கில் நான் பிரிந்துபோனவன்.

முதலாளி கல்லாவிலிருந்து எழும்பி வந்து இருவரையும் கும்பிட்டு அனுப்பிவைத்தார். காலையில் சிவபுராணம் சொல்லாமல் தேத்தண்ணி குடிக்காத மனிதர். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார், மார்கழியில் நத்தார் வரைக்கும் பார்ப்போம், அதற்குள் இந்த இறாக்கை உருப்படாவிட்டால் வருடம் பிறக்கும்போது வினாத்தாள்களுக்கு அந்த இடம் வேண்டும் என்று. உங்கள் ஆட்கள் நின்று வாசிக்க விட்டிருந்தால் இது எப்போதோ உருப்பட்டிருக்கும் என்று ஏதோ உளறினேன்.

"எங்கடை ஆக்கள் வாசிக்கக் கூடாதெண்டுதான் சொன்னவை தேவா, உங்கடை புத்தகத்தைக் குப்புறப் போட்டது உங்கடை ஆக்கள்தான்."

கொழும்புப் பெட்டி

எங்கள் வேதப் புத்தகங்கள் கொழும்பிலிருந்து பெட்டியில் வரும். விற்காதவற்றை அடுத்தமுறை வருகிற வான் வண்டியில் திருப்பிக் கட்டி அனுப்பலாம். அந்த வழக்கம் இல்லாவிட்டால் இந்த இறாக்கை முதல் வருடமே போயிருக்கும். வானில் வருகிற விநியோக ஆள் நல்ல மனிதர். பெயர் றொபேட். ஊர் ஊராகக் கடைகளுக்குப் போகிறவர், எது எங்கே போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

நத்தார் தவணையை அவரிடம் சொன்னேன். அவர் என் இறாக்கையை மேலிருந்து கீழே பார்த்தார். துயரப்படுகிறவர்களுக்கு, நோயாளிகளுக்கு, தனித்திருப்பவர்களுக்கு, சந்தேகப்படுகிறவர்களுக்கு என்று நான் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவை. தூசி படிந்திருந்தன. அவர் வானுக்குப் போய் இரண்டு பெட்டி இறக்கினார். உள்ளே எல்லாம் பளபளவென்ற மட்டை. சிங்கம், கழுகு, உதிக்கிற சூரியன், கோட்டு போட்ட ஊழியக்காரரின் பல்வரிசை. இருபத்தொரு நாளில் தடை உடையும், பூட்டிய வாசல் திறக்கும், எதிரியின் கண் மழுங்கும். இதெல்லாம் வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். வேதத்திலிருந்து பாதி வசனம் எடுத்திருப்பார்கள், மற்றப் பாதியை விட்டிருப்பார்கள் என்றார். அவரும் விசுவாசிதான்.

ஒரு பகல் முழுக்க யோசித்தேன். இறாக்கை நின்றால்தானே என்றைக்காவது நல்ல புத்தகம் ஒன்றை அதில் வைக்கலாம் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். அடுத்த நாள் என் கையாலேயே பழையவற்றை இறக்கி, சணல் போட்டுக் கட்டி, வானில் ஏற்றினேன். தாயை இழந்தவர்களுக்கான கடிதங்களும் அந்தக் கட்டுக்குள் போயின. என் முகத்தைப் பார்த்து றொபேட் முதுகில் தட்டினார்.

"என்ன செய்யிறது அண்ணை, ஆறுதல் போகாது, வெற்றிதான் போகும்."

கனடாவுக்குத் தனி

போயிற்று என்றால் அப்படிப் போயிற்று. வேதக்காரர் மட்டுமல்ல, திருநீறு பூசியவர்களும் வாங்கினார்கள். எந்தத் தகப்பனும் கதைக்க வரவில்லை, யாரும் கவிழ்த்து வைக்கவுமில்லை. பாஸ்டரும் தபாலதிபரும் ஒரே புத்தகத்தில் ஆளுக்கொன்று வாங்கிப்போனார்கள். ஒருவர் வாங்கியது மற்றவருக்குத் தெரியாது.

ஒரு இளம் தம்பதி வந்தார்கள். விசா இரண்டு தரம் மறுக்கப்பட்டு, மூன்றாம் தரத்துக்குப் போட்டுவிட்டு இருக்கிறார்களாம். பூட்டிய வாசலைத் திறக்கிற புத்தகத்தைக் காட்டினேன். மனைவி உள்ளடக்கத்தை விரல் வைத்து வாசித்தாள். திருமணத் தடை, பரீட்சைத் தடை, வெளிநாட்டுப் பயணத் தடை. அந்த அத்தியாயத்தில் நிறுத்தி, கணவனுக்குக் காட்டி, இருவரும் குசுகுசுத்தார்கள். அந்தப் பெண்ணின் கண்ணில் தெரிந்த ஏக்கம் உண்மையானது. அந்த ஏக்கத்துக்குக் கொடுக்க என் கையில் இருந்தது அந்தப் பல்வரிசை.

"இது பொதுவாய் வெளிநாட்டுக்கெண்டு போட்டுக் கிடக்கு அண்ணை, கனடாவுக்கெண்டு தனியாய் ஒண்டு வரேல்லையோ?"

இறாக்கை தப்பியது

நத்தாருக்கு இரண்டு நாள் முந்தி, முதலாளி என்னைக் கூப்பிட்டு இறாக்கைக்கு முன்னால் நிறுத்தினார். நாலு தட்டிலும் பாதி வெறுமை. மெசினுக்குப் பின்னால் இருந்த இடத்திலிருந்தே அவ்வளவும் போயிருந்தது. அவர் நிஜமாகவே சந்தோசப்பட்டார். என் சந்தோசத்தையும் எதிர்பார்த்தார். நான் பல்லைக் காட்டினேன். ஜெயித்துவிட்டேன் அல்லவா? பதினொரு வருடமாக நான் கட்டிக் காத்த இடம் இனி யாராலும் பறிபோகாது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னபோது அவள் கேக்குக்கு முந்திரிகை நறுக்கிக்கொண்டிருந்தாள். நல்ல செய்தியை ஏன் செத்தவீட்டுச் செய்தி மாதிரிச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். முதலாளி சொன்னதை அப்படியேதான் அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

"வினாத்தாளை வேறை எங்கையும் வைப்பம் தேவா, உங்கடை சமயம் இப்பதான் பிக்கப் ஆகியிருக்கு."

சனிக்கிழமை வந்தவர்

சனிக்கிழமைகளில் ஆஞ்சநேயர் கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் ஒரு பங்கு எங்கள் கடைக்குள்ளும் வரும். தை மாதத்துச் சனி ஒன்றில், ஐம்பது வயது மதிக்கக்கூடிய ஒரு அக்கா, நெற்றியில் செந்தூரமும் கையில் அருச்சனைப் பையுமாக, ஃபோட்டோகொப்பி மெசின் வரைக்கும் தேடி வந்தார். ஊர் வல்வெட்டித்துறை. வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். பக்கத்து வீட்டில் ஞானம்மா ரீச்சர் என்று ஒருவர், அந்த ஒழுங்கையிலேயே ஒரே வேதக்காரி. பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். ரீச்சருக்கு வருத்தம் முற்றிப்போய், இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். இந்த அக்காதான் கஞ்சி பருக்குவதும் துடைப்பதும். பின்னேரமானால் ரீச்சர் பயந்து இவரின் கையைப் பிடித்துக்கொள்வாராம்.

"அவவின்ரை பைபிள் கிடக்குத் தம்பி. பெரிய புத்தகம், பொடி எழுத்து. எங்கை துடங்கிறதெண்டு எனக்குத் தெரியாது, அவவுக்குச் சொல்லவும் ஏலாமல் கிடக்கு. சாகப்போற ஆளுக்குப் பக்கத்திலை இருந்து வாசிக்கிற மாதிரிச் சின்னனாய் ஒண்டு இருக்கோ?"

பதினொரு வருடமாக நான் காத்திருந்த ஆள் இவர்தான். மேல்தட்டில் பார்த்தேன். வெற்றி. இரண்டாம் தட்டு, ஆசீர்வாதம். மூன்றாம் தட்டில் வாசல்களும் தடைகளும். குந்தியிருந்து கீழ்த்தட்டின் அடிவரை துழாவினேன். வாழப்போகிறவனுக்கு, வெல்லப்போகிறவனுக்கு, பறக்கப்போகிறவனுக்கு எல்லாம் இருந்தது. சாகிறவருக்கு ஒரு வரி இல்லை. இருந்ததைக் கட்டி அனுப்பியவன் நான். வெறுங்கையோடு எழும்ப வெட்கப்பட்டு, வியாதியை விரட்டும் வசனங்கள் என்று ஒன்றை நீட்டினேன். அந்த வெட்கத்தைவிடப் பெரிய வெட்கம் அது.

அக்கா பின்மட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தார். விசுவாசித்தால் சுகம் நிச்சயம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதை நிதானமாக என் கையிலேயே திருப்பித் தந்தார்.

"இதை வாசிச்சுக் காட்டினால், தன்ரை விசுவாசம் காணாதபடியாத்தான் சாகிறன் எண்டெல்லோ அந்த மனிசி நினைக்கும்."

பிரசங்க மேடைகளிலும் புத்தகங்களிலும் நான் கேட்காத ஒன்றை, செந்தூரம் வைத்த அந்த அக்கா ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். நான் சுகந்தியிடம் ஓடிப்போய் ஒரு பில் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதினேன். வேதாகமத்தைச் சரி நடுவில் விரித்தால் சங்கீதம் வரும், அதில் இருபத்து மூன்றாவது. பிறகு யோவான் பதினான்கு, தொடக்கம் மட்டும். ரோமர் எட்டு, கடைசிப் பகுதி. ரீச்சரின் வேதாகமத்தில் தேடிப்பிடிப்பதற்காக எது எதற்குப் பிறகு வரும் என்று அம்புக்குறி போட்டு, எழுத்தைப் பெரிதாக எழுதினேன். மெதுவாக வாசியுங்கள் அக்கா, அவருக்கு மனப்பாடமாக இருக்கும், கூடவே மனதுக்குள் சொல்லுவார் என்றேன்.

அக்கா அதை நாலாக மடித்து, அருச்சனைப் பைக்குள் திருநீற்றுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் பத்திரப்படுத்தினார். பிறகு சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்துக்கொண்டு எவ்வளவு என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். அவர் நிறைந்துகிடந்த இறாக்கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காசு வேண்டாமோ? அப்ப உது உங்கடை கடையிலை விக்கிறேல்லையோ தம்பி?"

இறாக்கை இன்றைக்கும் பிக்கப் ஆகித்தான் நிற்கிறது, ஆனால் பதினொரு வருடத்தில் ஒருவருக்கு உண்மையாகவே தேவைப்பட்டு அந்த மூலையிலிருந்து வெளியே போன ஒரே வேத நூல், ஒரு பில்லின் பின்பக்கம்.